வலதும் இடதும் மாறிய கண்ணாடி

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று கண்ணாடிக் கூடு ஒன்பது, கழுத்துக் கயிறு நாலு விற்றேன். பதினாறு வருஷம் லென்ஸ் வெட்டிய கை இப்போது கயிறு கட்டிக் கொடுக்கிறது. லென்ஸ் வெட்டும் அறை கடைக்குப் பின்னால்தான், நடுவில் ஒரே ஒரு கதவு. மூன்று வாரமாக அந்தக் கதவைத் தாண்டவில்லை. முதலாளி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திட்டித் தொலைத்தால் தேவலை.

நடந்ததை ஒரு தரம் ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவருக்குக் கண்ணாடி செய்தேன். வலது கண்ணின் பவரை இடதுக்கும், இடதின் பவரை வலதுக்கும் வெட்டிப் பொருத்திவிட்டேன். மனுஷன் இருபது நாள் அதைப் போட்டுக்கொண்டு நடந்தார். தரை சாய்ந்து தெரிந்திருக்கிறது. கடைசியில் வீட்டுப் படியில் கால் தவறி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

கொடுக்கும் முன் சரிபார்ப்பது என் வழக்கம். அன்று பார்க்கவில்லை. ஏன்? காய்ச்சலா, கவலையா? ஒன்றும் இல்லை. ஒரு காரணம் இருந்திருந்தால் அதன் தலையிலாவது பழியைப் போட்டிருக்கலாம்.

பிப்ரவரி 5, புதன்

சபையில் புதன் மாலை ஜெபக்கூட்டம். வாசலருகே பெட்டி இருக்கும். மனதில் இருப்பதைச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல் யாரும் போடலாம். ஆறு வருஷமாக அதைத் திறந்து, ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பது நான்தான்.

இன்று ஏழு சீட்டு. ஒன்றில், "பிள்ளையை அடித்துவிட்டேன், நான் தாயாக இருக்கவே லாயக்கில்லை" என்றிருந்தது. "ஆண்டவரே, இந்தத் தாய் களைத்துப்போயிருக்கிறாள். பாசம் இருப்பதால்தான் இவ்வளவு வருந்துகிறாள்" என்று ஜெபித்தேன். மனதாரச் சொன்னேன். யாரோ பின்வரிசையில் மூக்கை உறிஞ்சினார்கள்.

வீட்டுக்கு வந்து பால் காய்ச்சினேன், பொங்கி வழிந்துவிட்டது. "எருமை, ஒரு வேலை உருப்படியாகத் தெரியுமா உனக்கு" என்று சத்தமாகவே என்னைத் திட்டிக்கொண்டேன். அதே வாய்தான்!

பிப்ரவரி 9, ஞாயிறு

போதகர் பிறரை நேசிப்பது பற்றிப் பேசினார். நம்மை நேசிப்பது போலவே பிறரையும் நேசிக்க வேண்டுமாம். இத்தனை வருஷம் கேட்டதுதான், இன்றுதான் உதைத்தது. நான் என்னை நடத்துகிற மாதிரி பிறரை நடத்தினால் அவர்கள் ஊரை விட்டே ஓடிவிடுவார்கள்.

பிப்ரவரி 12, புதன்

முதலாளி கெடு வைத்துவிட்டார். "எத்தனை நாளைக்கு வெளியில குடுத்து வெட்டறது? மெஷினுக்கு ஆள் வேணும். 24ஆம் தேதி திங்கட்கிழமை நீங்க உள்ள போகலேன்னா, வேற ஒருத்தரைத்தான் வைக்கணும். அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க."

நியாயம்தான். எனக்கு வேறு வேலையும் தெரியாது.

பிப்ரவரி 15, சனி

தபால்காரர் வந்தார், மாவுக்கட்டோடு. புதுக் கண்ணாடியின் காது வளைவைச் சரிசெய்ய. முன்கடையில் நான்தான் இருந்தேன். சரிசெய்துகொண்டே, "ஐயா, உங்க பழைய கண்ணாடியைத் தப்பா வெட்டினது நான்தான்" என்றேன்.

மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார். "வயசாயிடுச்சு, கண்ணு போயிடுச்சுன்னு நினைச்சேன்மா. கண்ணாடி தப்பா இருக்கும்னு தோணவே இல்ல. இருபது நாளும் என்னையேதான் நொந்துக்கிட்டேன்."

"மன்னிச்சிடுங்க ஐயா."

"சரி" என்றார். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தச் 'சரி'யை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் மன்னிப்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வலிப்பது அவர் கை.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். "என்னமோ கொலை பண்ணிட்ட மாதிரி! எல்லாரும் தப்பு பண்றதுதான்டி" என்றாள். தெரியும் அக்கா. தெரிந்து என்ன செய்ய? போனை வைத்ததும் வீடு ஓவென்று இருந்தது. இரண்டு அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 19, புதன்

இன்று ஒரு திருட்டுத்தனம் செய்தேன்.

மத்தியானமே ஒரு சீட்டு எழுதினேன். என் கையெழுத்து தெரியாமலிருக்க முட்டை முட்டையாக. ஜெபக்கூட்டத்துக்குச் சீக்கிரம் போய்ப் பெட்டியில் போட்டேன். என் சீட்டை நானே எப்படி வாசிப்பது? தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொல்லி, பக்கத்தில் இருந்த பஸ் டிரைவர் அண்ணனை வாசிக்கச் சொன்னேன். பாவம், நாலு பேர் முன்னால் வாய் திறந்து ஜெபித்தே பழக்கமில்லாதவர். "ஐயோ தங்கச்சி, எனக்கு வண்டிதான் ஓட்டத் தெரியும்" என்று நெளிந்தார்.

நாலாவதாக என் சீட்டு வந்தது. "என் வேலையில் அஜாக்கிரதையாக இருந்து ஒருவரைக் காயப்படுத்திவிட்டேன். இனி அந்த வேலையைத் தொட எனக்குத் தகுதி உண்டா?" வாசித்துவிட்டுப் பிடரியைச் சொறிந்தார்.

"ஆண்டவரே, இது யாருன்னு உமக்குத் தெரியும். ரொம்பப் பயந்துபோயிருக்கு. தப்பு நடந்திருக்கு, இல்லேன்னு சொல்லல. அடிபட்டவருக்குச் சுகம் தாரும். இதுக்கும் ரெண்டு வாய் சாப்பாடு எறங்கட்டும். நல்லாத் தூங்க வச்சு, காலையில எழுப்பி வேலைக்கு அனுப்பும். தகுதியெல்லாம் பார்த்தா இங்க எவனும் உக்கார முடியாது. ஆமென்."

இருபது பேரும் ஆமென் என்றார்கள். பழக்க தோஷத்தில் நானும் சொன்னேன், சத்தமாக, யாரோ ஒரு பாவப்பட்டவளுக்காக. சொன்ன பிறகுதான் உறைத்தது யாருக்குச் சொன்னேன் என்று. திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? ஆண்டவர் முன்னால் சொன்னது.

குனிந்து அழுதேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

உள்ளே போனேன்.

மெஷின் மேல் தூசி. துடைக்கவே பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன், வேண்டுமென்றேதான். முதல் ஜோடியை நாலு தடவை சரிபார்த்தேன். 'உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை' என்று உள்ளே ஆரம்பித்தது. வாயை மூடு என்று அதட்டவில்லை, அதட்டினால் அது இன்னும் அதிகமாகும். ஒரு சீட்டு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதையே முணுமுணுத்தேன்: ஆண்டவரே, இவளுக்குக் கை நடுங்குகிறது, கூட இரும்.

முதலாளி எட்டிப் பார்த்து, "ஒரு ஜோடிக்கு ஒரு மணி நேரமா?" என்றார். அப்பாடா, திட்டிவிட்டார்.

மார்ச் 5, புதன்

தபால்காரருக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. விரல் முழுதாக மடங்கவில்லை. படிக்கிற கண்ணாடி ஒன்று வேண்டும் என்று வந்தார். "இப்ப யாரும்மா வெட்டறது?" என்றார். நான்தான் என்றேன். யோசித்தார். பிறகு கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினார். மாலை ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லாமல் அந்த விரல்களுக்காக ஜெபித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

ஒரு லென்ஸை அரை மில்லிமீட்டர் சிறிதாக வெட்டிவிட்டேன். ஃபிரேமுக்குள் கடகடவென்று ஆடியது. குப்பையில் போட்டுவிட்டு முதலாளியிடம் சொன்னேன். கண்ணாடிக்குச் சொல்லியிருந்த அம்மாவுக்கு நானே போன் செய்து, என் தவறுதான், நாளைக்கு வாருங்கள் என்றேன். சாப்பாட்டு நேரமாகியிருந்தது, போய்ச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆள் இல்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே ஆண்டவரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. சும்மா, இன்று கடையில் நடந்த சமாச்சாரம் என்று.