தெரியலன்ற பதிலுக்கு மார்க் இல்ல

ஜனவரி 22, வியாழன். நாவலூர்.

ஏஐ சொல்ற பதிலுக்கு மார்க் போடறதுதான் ஆபீஸ்ல என் வேலை. ‘உறுதியா தெரியல’ன்னு வந்தா மார்க்கைக் குறைக்கணும், அப்படிச் சொன்னா யாரும் அதை நம்ப மாட்டாங்கன்றார் மேனேஜர். இன்னிக்குப் பூரா குறைச்சேன்.

சாயங்காலம் செங்கல்பட்டுலேர்ந்து அண்ணன் போன் பண்ணான். “நாளைக்கு மழ வராது, நெல்லு அறுக்கலாம்னு ஏஐ சொல்லிச்சு. மெஷினுக்குச் சொல்லிட்டேன்.”

“இங்க வானம் மூடிகினு கீதேண்ணா.”

“அப்ப மழ வருமா? கரெக்டா சொல்லு.”

“தெரியல.”

“அது எவ்ளோ தெளிவா சொல்லுது! நீ படிச்சவ, தெரியலன்ற!” சிரிச்சிட்டு வச்சிட்டான்.

மேனேஜர் சொல்றது சரிதானோ? அண்ணன் என்னையே நம்பலியே. அப்ப தெரியாததைத் தெரியலன்னு சொல்ற ஏஐயை எப்படித்தான் செய்யறது?

வெளிய ஏதோ சொட்டுது. மேல் வீட்டு ஈரத்துணியா, தூறலா, தெரியல.