அவன் என்னிடம் சொன்னது

மார்ச் 4, திங்கள்
டோல்கேட்டில் லாரி நெரிசல். மனநல ஆலோசனை மையத்துக்குப் பத்து நிமிடம் தாமதம். எனக்கு முன்பே ஒரு அம்மா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் எங்கள் மையத்தின் சீட்டு. எண்ணைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது.

எட்டு வாரம் என்னிடம் ஆலோசனைக்கு வந்தவன். போன மாதம் மீன்பிடித் துறைமுகத்தில் படகுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து இறந்துபோனான். இந்த நோட்டில் அவன் பெயரை நான் எழுதியதில்லை. இன்றும் எழுதமாட்டேன்.

"எம்புள்ள பர்ஸுல இருந்துச்சும்மா. கால் வழுக்கி வுழுந்தானா, அவனா வுழுந்தானா? ஆளாளுக்கு ஒண்ணு பேசுதுங்க. உன்னாண்ட இன்னா சொன்னான்? ஒரு வார்த்த போதும்."

"சொல்ல முடியாதும்மா" என்றேன். எப்படித்தான் வாயில் வந்ததோ.

மார்ச் 5
சீனியர் தஹ்சீன் மேடத்திடம் கேட்டேன். "ஆள் போயிட்டாலும் அவன் சொன்னது அவனோடதுதான், செங்கொடி. ஒரு வரி சொன்னா, அடுத்த கேள்விக்கு என்ன பண்ணுவே?"

அந்த அம்மாவை நிம்மதியாகத் தூங்கவைக்கும் ஒரு வரி என்னிடம் இருக்கிறது. சொல்லித் தொலையேன்டி, யாருக்கு என்ன நஷ்டம்?

அவனுக்கு. வீட்டுக்குத் தெரியக் கூடாது என்றுதானே வந்தான்.

மார்ச் 11
அந்த அம்மா மறுபடி வந்தார். கேட்டார். நான் சொல்லவில்லை.

மார்ச் 14, வியாழன்
இன்று அழவில்லை. வேறு மாதிரி கேட்டார். "யாராண்டயுமே சொல்ல மாட்டியா? எப்பவுமேவா?"

எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன். "கோர்ட் கேட்டா சொல்லணும்மா. அப்புறம், வர்றவங்க உயிருக்கு ஆபத்துன்னு பட்டா, அவங்ககிட்டச் சொல்லிட்டு வீட்டுக்குத் தெரியப்படுத்துவோம்."

வெளியே ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது ஓய்ந்ததும் கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"அவன் சாவணும்னு பேசியிருந்தா, நீ எங்க வூட்டாண்ட வந்திருப்பே."

நான் அசையவில்லை.

"நீ வரல."

தலையாட்டிவிடுவேனோ என்று பயந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

பத்து நாளாக நான் தவிக்கிறேன் — படித்தவள்! — எனக்குத் தோன்றவே இல்லையே. அவன் பேச்சில் ஒரு சொல்லைக்கூடத் தொடாமல், எதை நான் சொல்லியாக வேண்டும் என்ற விதியை மட்டும் வைத்துத் தன் பிள்ளையைத் தெரிந்துகொண்டார். எப்பேர்ப்பட்ட மனுஷி!

மேடத்திடம் அப்படியே ஒப்பித்தேன். நான் தப்புப் பண்ணிட்டேனா? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ எதுவும் சொல்லல. அவங்க கேட்டுக்கிட்டாங்க."

மார்ச் 27, புதன்
பதினொரு மணிக்கு அந்த அம்மா வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை. சீட்டுப் போடச் சொன்னார்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். பெத்தவ வந்து நின்னும் நீ வாயத் தொறக்கல. அதான் இங்கயே வந்தேன்."

அவன் சொன்னதெல்லாம் என்னிடம் இருக்கும்போது அவரை நான் பார்ப்பது சரியல்ல. எடுத்துச் சொன்னேன், புரிந்துகொண்டார். தஹ்சீன் மேடத்தின் அறைக்கு அழைத்துப் போய் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். என்ன பேசினார் என்று மேடம் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.