மூன்று பேப்பரும் ஒரே மிஷினில்

இன்று காலை எலக்ட்ரானிக்ஸ் லேபில் யாரோ ஒரு பெண் ரெசிஸ்டரைக் கருக்கிவிட்டாள். பவர் சப்ளையின் குமிழை மெதுவாகத் திருப்பச் சொல்லி எத்தனை முறை கத்தினாலும், முதல் வருடத்துப் பிள்ளைகள் தண்ணீர்க் குழாயைத் திறப்பது போலத்தான் திருப்புவார்கள். அந்தக் காரமான வாசனை வந்ததும் நான் என்னை அறியாமல் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தேன். நம் காலத்தில் லேபில் எது கருகினாலும் முதலில் மோப்பம் பிடிப்பவள் நீதான். "நம்முளுது இல்லடி, பின்னாடி பெஞ்சு" என்று தலையைத் தூக்காமலே சொல்வாய். இன்று அந்த மேசையில் இருந்தவள், மேடம் எதற்குத் தன்னை இப்படி முறைக்கிறார் என்று பயந்து, கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டாள்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இதுவரை உனக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுதி எந்த விலாசத்துக்கு அனுப்புவாய் என்று கேட்பாய். கேட்டுக்கொள். வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன், மனம் ஒரு நிலையில் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வரிசை எண் அடுத்தடுத்து வந்ததால்தான் நாம் ஒரே பெஞ்சுக்கு வந்தோம். பரமத்தி வேலூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த நீயும், அஸ்தம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்த நானும். நீ பள்ளியில் தமிழ் வழி, நான் இங்கிலீஷ் மீடியம். புத்தகத்தில் இருக்கும் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நீ என்னிடம் கேட்பாய். நான் சொன்ன பிறகு, அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று நான் உன்னிடம் கேட்பேன். பி.எஸ்சி. மூன்று வருடமும் இப்படித்தான் ஓடியது. நமக்குப் பாடம் எடுத்தவர்கள் போர்டில் எழுதினார்கள், நாம் அதைப் பார்த்து எழுதினோம், விடுதி மெஸ்ஸின் சாம்பாரைத் தட்டில் ஒதுக்கிவிட்டு நீதான் எனக்கு ட்ரான்சிஸ்டரைப் புரியவைத்தாய்.

லேபில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. விடை என்ன வரவேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கும். அங்கிருந்து பின்னால் நடந்து வந்து, அந்த விடை வருகிற மாதிரி ரீடிங்கை எழுதிவிடுவது. அதற்கு 'ரீடிங் போடுவது' என்று பெயர். சீனியர்கள் ஜூனியர்களுக்கு அன்போடு கற்றுக்கொடுப்பார்கள். எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டில் உட்கார்ந்தால் சந்தேகம் வரும், ஒன்றிரண்டைக் கொஞ்சம் தள்ளி வை என்பது வரை சொல்லித் தருவார்கள். நம் பெஞ்சில் மட்டும் அது நடக்கவில்லை. நான் தயார்தான், நீ விடவில்லை.

"மீட்டரு காட்டறத எழுதலீன்னா அப்பறம் மீட்டரு எதுக்குடி?" என்பாய். "மாமனாரு மாதிரி சும்மா உக்கார வெச்சுக்கறதுக்கா?"

பிளாங்க் மாறிலி கண்டுபிடிக்கும் செய்முறை உனக்கு நினைவிருக்கும். எல்இடி எந்த வோல்ட்டில் எரிய ஆரம்பிக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து கணக்குப் போட வேண்டும். கடைசி வருடப் பரீட்சையில் நமக்கு அதுதான் வந்தது. நான் அன்று வேறு மேசை, பாடத்தில் உள்ள எண்ணை ஒட்டியே எனக்கு வந்துவிட்டது, எப்படி வந்தது என்று கேட்காதே. உனக்கு எங்கேயோ மேலே போய் நின்றது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உன் பேப்பரைத் தூக்கிப் பார்த்து, "ஏம்மா, இந்த வேல்யூ தப்புன்னு உனக்கே தெரியலையா?" என்றார்.

"தெரியுதுங்க சார். ஆனா வந்தது இதானுங்க." ஜன்னலைக் காட்டினாய். "வெயிலு நேரா அடிக்குதுங்க. எல்இடி எரியறது கண்ணுக்குத் தெரியறதுக்குள்ளயே வோல்டேஜ் ஏறிப்போகுதுங்க. அதனாலதான் கூட வருது."

அவர் ஜன்னலைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், அடுத்த மேசைக்குப் போனார். மார்க் வந்தபோது உன்னுடையது என்னுடையதைவிடக் குறைவு. எனக்கு ஆத்திரமாக வந்தது. உனக்கு வரவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரம்.

எதையும் நம்புவதற்கு நீ நேரம் எடுத்துக்கொள்வாய். எலக்ட்ரானும் பாசிட்ரானும் சந்தித்தால் இரண்டும் இல்லாமல் போய்விடும், அவற்றின் நிறை முழுவதும் காமாக் கதிர்களாகி எதிரெதிர்த் திசையில் போகும் என்று ரிலேட்டிவிட்டி வகுப்பில் கேட்டுவிட்டு வந்த அன்று, ஹாஸ்டல் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இத நேர்ல பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களாடி?" என்றாய். பரீட்சைக்கு எழுதினால் போதும் என்று நான் சொன்னேன்.

படிப்பு முடிந்தது. நான் மேலே படித்து இங்கே, நம் கல்லூரிக்கே வேலைக்கு வந்தேன். நீ பி.எட். முடித்து நாமக்கல்லில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தாய். லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாய், ஒரு மகள். நமக்குள் போன் பேச்சு மட்டும் நிற்கவே இல்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு நாள் போனில், மார்பில் கட்டி, டெஸ்ட் பண்ணியாகிவிட்டது, அதுதான் என்றாய். மின்சாரக் கட்டணம் கூடிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாய்.

முதல் பெட் ஸ்கேனுக்கு நீ சேலம் வந்தபோது எனக்கு நோன்பு. ஸ்கேனுக்காக உன்னையும் பட்டினி இருக்கச் சொல்லியிருந்தார்கள். "நானும் நோம்பு புடிச்சுட்டேன், உங்கம்மாகிட்ட சொல்லு" என்று சிரித்தாய். கதிர்ப்பொருள் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள், நோய் இருக்கும் செல்கள் அதை வாரி வாரித் தின்னும், அங்கிருந்து பாசிட்ரான் வரும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கனமான கதவுக்குப் பின்னால் உன்னைத் தனியாக உட்கார வைத்தார்கள். எல்லாம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள் ஹாலின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாய்.

"கிட்ட வராதடி. இன்னும் கொஞ்ச நேரத்துக்கு நான் காமா அடிச்சுட்டு இருக்கறேன். ஒண்ணு ரெண்டு அரை ஆயுள் போகட்டும்."

அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். உன் முகத்தில் அப்படி ஒரு களை. "எலக்ட்ரானிக்ஸ், ரிலேட்டிவிட்டி, க்வாண்டம், மூணு பேப்பரும் ஒரே மிஷின்ல இருக்குது நூரு. பாசிட்ரானப் பாத்தவங்க யாருன்னு கேட்டேனில்ல? எனக்குள்ளயே நடந்துபோச்சு பாரு."

நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் அழுதேன். அம்மா நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி உன் வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்பினார்.

அன்று கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாய். "மருந்து கேட்டுச்சுன்னா எத்தன ஊசி வேணும்னாலும் போட்டுக்கறேன். கேக்கலீன்னா ஆஸ்பத்திரில கெடக்க மாட்டேன். எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன். புள்ளகூட இருக்கோணும்." அதற்கு உனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், மருந்து கேட்கிறதா இல்லையா என்ற உண்மை.

ஊசி எல்லாம் முடிந்து இரண்டாவது ஸ்கேன். டாக்டர் உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டு உன் வீட்டுக்காரரையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். ஈரலிலும் முதுகெலும்பிலும் புதிதாகப் பரவியிருக்கிறது, பழையதும் சுருங்கவில்லை, இன்னொரு மருந்து இருக்கிறது, கொடுத்துப் பார்க்கலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார். நல்ல மனிதர்தான், நிதானமாகச் சொன்னார்.

வெளியே வராந்தாவில் உன் வீட்டுக்காரர் என்னை ஓரமாக நிறுத்தினார். வெல்டிங் தழும்பு நிறைந்த அந்தக் கைகள் மருந்துச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்தன.

"ஏனுங்க மேடம், சுருங்கிருச்சுன்னு சொல்லிப்போடலாமுங்க. தைரியமா இருந்தாத்தானுங்க அடுத்த மருந்து கேக்கும். நாஞ் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னா நம்புவா. அந்தப் படிப்பு உங்க ரெண்டு பேருக்குந்தானுங்களே தெரியும்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்னை இழக்க முடியாத ஒரு மனிதர் அவர். வரவேண்டிய விடை அவருக்குத் தெரியும், அது வருகிற மாதிரி ரீடிங் போடச் சொன்னார். ஸ்கேனுக்கு உன்னோடு வந்திருந்த உன் அம்மாவும் அருகில் நின்று, "ஆமா சாமி, அப்புடியே சொல்லிரு" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நீ கேன்டீனில் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாய். உன் வீட்டுக்காரரும் அம்மாவும் மருந்துச் சீட்டோடு போனதும் கேட்டாய்.

"என்ன காட்டுச்சு?"

உன் கண்ணைப் பார்த்தேன். பெஞ்சில் மீட்டரை நான் படிக்க, நீ எழுதுவதற்குப் பேனாவோடு காத்திருக்கும் அதே பார்வை.

"பரவியிருக்கு. ஈரல்ல, முதுகெலும்புல."

"பழசு?"

"கொஞ்சங்கூடச் சுருங்கல."

"டாக்டரு என்னங்கறாரு?"

அதையும் சொன்னேன். நீ டீயைக் குடித்தாய், முழுவதும். அதன் பிறகு மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். வலிக்கிற அளவுக்குப் பிடித்தாய். "சரி" என்றாய். கையை விட்ட பிறகு, "அவரு காத்தாலருந்து ஒண்ணுமே திங்கல. இட்லி ஏதாச்சும் இருக்குதான்னு கேளு" என்றாய்.

அடுத்த வாரமே பரமத்தி வேலூர் போய்விட்டாய். உன் மகளை அங்கேயே பள்ளி மாற்றிச் சேர்த்தாய். நான் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உன் கட்டிலில் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள், நீ தப்பைக் கண்டுபிடித்துத் தலையில் குட்டுவாய். வலி இருந்தது. கடைசியில் மிகவும் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் உன்னிடம் யாரும் சும்மாவுக்கு 'சரியாகிவிடும்' என்று சொல்லவில்லை, நீ சொல்ல விடவில்லை. மழைக்கு முன்னால் போய்விட்டாய்.

கேன்டீனில் நான் உன்னிடம் சொன்ன அன்றிலிருந்து உன் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை. உன்னை எடுப்பதற்கு முன் நான் வந்து நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த மருந்தைக் கொடுத்திருந்தால் என்று அவர் நினைக்கிறார். எங்கள் துறையில் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அளக்கப் போனாலே அளக்கும் பொருள் மாறிவிடும், க்வாண்டம் சொல்வதும் இதைத்தானே மேடம் என்றார். நீ இருந்திருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய். எலக்ட்ரானுக்குச் சொன்னதை மனுஷிக்குச் சொல்லாதீர்கள் என்று மட்டும் நான் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

போன மாதம் உன் அம்மாவைப் பார்க்கப் பரமத்தி வேலூர் போயிருந்தேன். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். அம்மா எனக்கு வாழைப்பழத்தைச் சீப்போடு எடுத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எதையெதையோ பேசினார், வாழைத் தார் விலை, முட்டி வலி. பேச்சு தீர்ந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சாமி, கோவிச்சுக்காத. நீ அன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா, அந்த மருந்தயும் போட்டிருந்தா, எம்புள்ள இன்னுங் கொஞ்ச நாளு இருந்திருப்பாளா? நீதான் படிச்சவ. உனக்குத் தெரியுமில்ல."

'இல்லைங்கம்மா' என்ற ஒரு வார்த்தை போதும். அதற்காகத்தான் அவர் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தை கிடைத்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பார். ஆனால் எனக்கு உண்மையிலேயே தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. உன்னை வைத்து அந்தச் சோதனையை இரண்டாம் தடவை செய்து பார்க்க முடியாது.

"தெரியலைங்கம்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்து உள்ளே போனவர் நான் கிளம்பும் வரை வெளியே வரவில்லை. "அம்மா, நான் வரட்டுங்களா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

உனக்கு உண்மையைச் சொன்னதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை. நீ கேட்டாய், நான் சொன்னேன், உன் நாட்களை நீயே எடுத்துக்கொண்டாய். ஆனால் அம்மா கேட்டபோதும் உன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேதான் பதில் சொன்னேன். அவர் உன்னைப் போல உண்மையைக் கேட்கவில்லை, தூக்கத்தைக் கேட்டார். அவருக்கு மட்டும் நான் பொய் சொல்லியிருக்கலாமா? இதை நான் உன்னிடம்தான் கேட்க வேண்டும், வேறு யாரையும் கேட்க முடியாது.