இரட்டை மடிப்புப் பை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் உடம்பால சௌக்கியம், மனசு எப்படின்னு கேக்காதே, நீ அங்க வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? போன்ல சொல்லாம ஏன் லெட்டர்னு யோசிப்பே, போன்ல பேசவே இப்ப பயமா இருக்கு, யாரு எங்க காதை வச்சிட்டிருக்காங்களோ. அப்பா என்னைப் பாத்துச் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.

போன வாரம் உன் பெரியம்மா கொலைக் கேஸ்ல சாட்சி சொல்லப் போனேன். கொலைகாரன்னு பிடிச்சு வச்சிருக்கிற குழாய் ரிப்பேர்காரன் வீட்ல எடுத்ததா போலீஸ் சொல்ற ரத்தக்கறை வாட்சைக் காட்டி, இது உங்க அக்காவோடதான்னு கேட்டாங்க. நான் வாங்கிக் கொடுத்த வாட்ச்தானே, ஆமான்னேன். ஆனா அது இருந்த துணிப்பையைப் பாத்ததும் திக்குனு ஆயிடுச்சு. ஸ்டேஷன்ல சாமானைப் போட்டு சீல் வைக்கிற பையெல்லாம் நம்ம தையல் கடையிலதானே தைக்கிறோம். முன்னெல்லாம் ஒத்தை மடிப்புதான் போடுவேன், நூல் பிரியுதுன்னு ஸ்டேஷன் ரைட்டர் கத்தினதால ஜூன்லேர்ந்துதான் இரட்டை மடிப்பு. கோர்ட்ல பாத்தது இரட்டை மடிப்பு, என் தையல் எனக்குத் தெரியாதா? பையில ஒட்டின சீட்டுலயோ அதுக்கு முந்தின மார்ச் மாசத் தேதி, மார்ச்லயே சீல் வச்சதா சாட்சிக் கையெழுத்து வேற. அப்ப ஜூன் வரைக்கும் அந்த வாட்ச் எங்கேடி இருந்தது, யாரு கையில இருந்தது?

அரசு வக்கீல்கிட்ட வராண்டாவுல மெதுவா சொன்னேன், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மான்னு ஃபைலை மூடிட்டார். மறுநாளே இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்து உக்காந்துட்டார், இத்தனை வருஷத்துல ஒரு பட்டன் தைக்கக்கூட வராத மனுஷன். பழைய பை கிழிஞ்சுபோச்சு, மாத்தினோம்னு இளிக்கிறார். மாத்தினா மாத்தின தேதியைப் போட வேண்டியதுதானேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். போறப்ப, மக எந்த ஊர்ல இருக்கான்னு கேட்டார். அவருக்கு எதுக்குடி அது?

அந்தக் குழாய்க்காரனையும் நான் நம்பலை, அவன் முழியே சரியில்லை. அவன்தான் செஞ்சிருந்தா இவங்க தில்லுமுல்லாலேயே தப்பிச்சுடுவான், செய்யலைன்னா செஞ்சவன் நம்ம தெருவுலயே எதிர்ல வந்து சௌக்கியமான்னு விசாரிச்சுட்டுப் போறானோ என்னவோ. இப்பல்லாம் அளவு கொடுக்க வர்றவங்க கையைக்கூட உத்து உத்துப் பாக்குறேன். பெரியம்மா மககிட்ட விஷயத்தைச் சொன்னேன். பையைப் பாக்காத மாதிரி இருந்துடு சித்தி, அவன் வெளிய வந்தா நான் செத்துடுவேன்னு என் மடியில விழுந்து கதறினா. தாயைப் பறிகொடுத்த பொண்ணு, அவளை நான் என்னன்னு திட்டுவேன்? ஆனா என் அக்கா சாவுக்கு யாரோ ஒருத்தன் ஜெயிலுக்குப் போனா சரின்னு என்னால இருக்க முடியலை. அடுத்த மாசம் எட்டாந்தேதி எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கேக்கப்போறார், அவர் கேக்காட்டியும் ஜட்ஜ் ஐயாகிட்ட நானே சொல்லிடுவேன்.

கதவைத் தாழ் போட்டுட்டுப் படு, யாருன்னு தெரியாம திறக்காதே. நோய்நொடி இல்லாம மகராசியா இரு. ஒண்ணு மட்டும் மறந்துடாதே, எட்டாந்தேதி சாயங்காலம் பெரியம்மா மகளுக்கு நீ போன் பண்ணு. எனக்காகப் பரிஞ்சு பேசாதே. நான் சொன்னப்புறம் அவ நம்ம வாசப்படி மிதிக்க மாட்டா, உன்கிட்டயாவது அழட்டும்.

உன்னையே நினைச்சிட்டிருக்கிற
அம்மா