உலை ஆறிய நேரம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் துத்தநாகத் தாதுவை உலையில் வறுத்தோம். அளவான சூட்டில் வறுத்தால், தாதுவில் இருக்கும் கந்தகமே துத்தநாகத்தை உப்பாக்கிவிடும். தண்ணீரில் கரைந்து வந்துவிடும், இரும்பு சிவந்த சேறாக அடியில் தங்கும். சூடு மிஞ்சினால் துத்தநாகம் இரும்போடு ஒட்டிக்கொண்டு அசையாது. எங்களுக்கு மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

மதியம் வீட்டுக்காரர் போனில், "அந்த உலையையே கட்டிக்கிட்டு அழு" என்றார். வெளியே போய்ச் சண்டை போட்டேன். திரும்பினால் பர்னர் அணைந்து கிடந்தது. எவ்வளவு நேரமாக? தெரியாது. உலையைத் திறக்காமல் அப்படியே ஆறவிட்டு அள்ளி வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 5, புதன்

தாதுவைக் கரைக்கும் பிரிவிலிருந்து அக்கா ஓடிவந்தார். "ஏய், கிட்டத்தட்ட எல்லாமே கரைஞ்சிடுச்சுடி! என்னடி பண்ணின?"

பின்னாலேயே மேலாளர். "சூட்டைக் கொஞ்சம் கொறைச்சுப் பார்த்தேன் சார்" — வாய் தானாகச் சொல்லிவிட்டது. எவ்வளவு என்று கேட்டார். ஓர் எண்ணையும் சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்த எண்?

மார்ச் 6, வியாழன்

எல்லோர் முன்னாலும் பாராட்டு. வீட்டுக்காரர் சண்டையை மறந்து சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டுவிட்டார். "நம்ம வீட்டு விஞ்ஞானி"யாம்.

மார்ச் 11, செவ்வாய்

நான் சொன்ன சூட்டில் வறுத்தது கரையவில்லை.

மார்ச் 13, வியாழன்

மறுபடியும் இல்லை. அக்கா பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறார். தண்ணீரில் அமிலமும் சேர்த்து, கலக்கியை வேகமாக்கி, தொட்டியைத் தேய்த்துத் தேய்த்து — விரல்களில் தோல் உரிந்திருக்கிறது. "உன் சரக்கு நல்லாத்தான்டி இருக்கு. என் கைதான் எங்கயோ தப்பு பண்ணுது" என்று அழுதார். மேலாளர் அவரை வேறு பிரிவுக்கு மாற்றப்போகிறாராம்.

"பாத்துக்கலாம்க்கா" என்றேன். முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தேன். சீ. நானெல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 14, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிட்டேன். தொட்டிப் பக்கத்தில், மேலாளரையும் வைத்துக்கொண்டு. உலை அணைந்தது, நான் அங்கே இல்லை, அந்த எண் பொய். மேலாளர் கத்தவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கத்தியிருக்கலாம்.

அக்கா மட்டும் கேட்டார்: "நான் அழுதப்பக்கூட உனக்குச் சொல்லத் தோணலியா?"

தோன்றியது. அதுதானே இன்னும் கேவலம்.

மார்ச் 25, செவ்வாய்

இந்த முறை வேண்டுமென்றே உலையை அணைத்து, கந்தகப் புகையை உள்ளேயே அடைத்து, மெல்ல ஆறவிட்டோம். நேற்று ஆறிய சரக்கு இன்று காலை நன்றாகவே கரைந்தது. அக்காவின் இடமாற்றம் ரத்து. மேலாளர் உடனே அடுத்த சரக்கை ஏற்றச் சொன்னார். அக்காவும் உலைப் பக்கம் வந்து நின்றுகொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில், "நான் இருக்கேன்க்கா, போய்ட்டு வாங்க" என்றேன்.

அக்கா சூட்டுமானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பரவாயில்ல. நீங்க போய்ச் சாப்பிடுங்க. உலையை நான் பாத்துக்கறேன்."

போனேன்.