இரண்டு வீட்டு ஊசி அட்டை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும், வேளைக்குச் சாப்பிடவேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இந்த முறை மனசு வரவில்லை. நம் வாயாடி, உன் மகள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். தட்டம்மை இறங்கிவிட்டது, உயிருக்குப் பயமில்லை. ஆனால் இரண்டு காதிலும் சீழ் பிடித்ததில் கேட்பது போய்விடுமோ என்று டாக்டர் பயந்ததைப் போனில் அரைகுறையாகச் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு ஊசி எப்படி விட்டுப்போனது என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். மருமகளுக்கு ஆலையில் ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. பகல் வாரம் குழந்தை நம்மிடம், இரவு வாரம் சம்பந்தி வீட்டில். அட்டையைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டாம் என்று நானும் சம்பந்தியும் பேசி, இங்கே ஒரு தடுப்பூசி அட்டை, அங்கே ஒரு அட்டை என்று வாங்கி வைத்துக்கொண்டோம். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு. தட்டம்மைக் கட்டம் நம் அட்டையில் காலியாக இருந்ததை நான் பார்த்தேன், அங்கே போட்டிருப்பார்கள் என்று இருந்துவிட்டேன். அவரும் தன் அட்டையைப் பார்த்து அப்படியே இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ரெண்டுலயும் இல்லையே பெரியவரே என்றாள். மருமகளை நீ ஒன்றும் கேட்காதே. நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குவீங்கன்னுதானே விட்டுட்டுப் போனேன் மாமா என்று ஒரே தடவை கேட்டாள். அதற்குப் பதில் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

நேற்று சோதனை முடிந்தது. இரண்டு காதும் கேட்கவில்லையடா. திரும்ப வருவது கஷ்டம், மெஷின் வைத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். உன் அம்மா குழந்தைக்குப் பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டுப் போட்டுப் பார்க்கிறாள், நிறுத்து என்றால் என்மேல் எரிந்து விழுகிறாள். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் கோபித்துக்கொண்டு வாயை மட்டும் அசைக்கிறோம் என்று நினைக்கிறாள். ஏன் தாத்தா பேச மாட்டேங்கறே, நான் ஒண்ணும் பண்ணலையே என்று கத்துகிறாள். எனக்குத் தாங்கவில்லை.

உனக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. இனி போனில் முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு, சிரித்துக்கொண்டே இரு. அழுதுவிடாதே, நீயும் அவளிடம் கோபம் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் அப்பா