பாப்பாவின் திங்கட்கிழமைகள்

மார்ச் 3, திங்கள்

மூக்குக் கண்ணாடியில் போடுகிற ஸ்க்ரூ எறும்பின் தலையளவுதான் இருக்கும். இன்று அதை மூன்று முறை கீழே போட்டேன். மூன்றாவது முறை கண்ணாடிக்கடை முதலாளியே மேஜைக்கடியில் தவழ்ந்து தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நேற்று ஞாயிறு. மெத்தோட்ரெக்ஸேட் என்று நீளமாக ஒரு பெயர். வீட்டில் ஞாயிறு மாத்திரை என்போம். வாரத்துக்கு ஒரே நாள். ஆனால் திங்கள் முழுக்க அதன் கைங்கரியம்தான். லென்ஸ் துடைக்கிற தண்ணீரின் வாசனைக்கே குமட்டுகிறது. வாயில் இரண்டு புண். முடக்குவாதம் என்று கண்டுபிடித்து நேற்றோடு ஒரு வருடம்.

மதியம் பாப்பா போன் செய்தாள். என் தங்கை. நாற்பதை நெருங்குகிறாள், இன்னும் எல்லாருக்கும் பாப்பா. நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். எனக்கு வந்து எட்டு மாதம் கழித்து இதே வியாதி அவளுக்கும் வந்தது. அதே டாக்டரம்மா, அதே மாத்திரை.

"பன்னண்டு பிள்ளைங்கக்கா! ரெண்டு மணி நேரம் தண்ணியிலேயே நின்னேன்."

"குமட்டலையா உனக்கு?"

"எனக்கு ஒண்ணுமே பண்ணலக்கா. உனக்குத்தான் ஒத்துக்கல போல."

ஒத்துக்கல போல. ஏதோ நான்தான் மாத்திரையோடு சண்டை போட்ட மாதிரி.

மார்ச் 5, புதன்

சீப்பில் ஒரு பிடி முடி. எண்ணவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பாப்பாவின் கணவருக்குப் பிறந்தநாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், அதனால் எதற்கும் பதறமாட்டார், குரலே உயராது. அவர்கள் வீட்டில் சாப்பாடு. நான் ஜாம் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா எட்டி வாங்கினாள், ஒரே திருகு, டப்பென்று திறந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும் நான் பார்த்தேனே.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எது மாட்டிக்கொண்டாலும் கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும் என்பது அவர் எண்ணம்.

"உன் தங்கச்சியப் பாரு. அதே வியாதிதான். மனசுல தைரியம் இருக்கு அவளுக்கு."

"அப்ப என் மனசுல என்ன இருக்கு?"

நிஜமாகவே கொஞ்ச நேரம் யோசித்தார். "நீ ரொம்ப யோசிக்கிற" என்றார்.

வயிறு எரிகிறது. மாத்திரையால் பாதி. மீதி எதனால் என்று எழுதத் தேவையில்லை.

மார்ச் 14, வெள்ளி

டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு ஏறியிருக்கிறது. மாத்திரை அளவைக் குறைத்தார். மொத்தமாக விழுங்காமல் அதே நாளில் காலை பாதி, மாலை பாதி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான். மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை விடவே கூடாது. இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுக்கவேண்டும்.

கேட்டேவிட்டேன். "என் தங்கச்சிக்கும் இதே மாத்திரைதானே டாக்டர்? அவளுக்கு மட்டும் எப்படி ஒண்ணும் பண்ணல?"

"ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரிம்மா." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். (இடது பக்கம் சாய்ந்திருக்கிறது அந்தக் கண்ணாடி. சரிசெய்து கொடுத்திருக்கலாம்.) "அவங்களை நான் பார்த்தே ரெண்டு மாசம் ஆச்சு. ஒருதடவை வரச் சொல்லுங்க. கட்டாயமா."

மார்ச் 16, ஞாயிறு

பாப்பாவோடு அரைமணி நேரம் போனில் பேசினேன். டாக்டரம்மா வரச்சொன்னதைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம் — மறக்கவில்லை. என்ன நினைத்தேன்? ஒரு தடவையாவது அவள் ரத்தத்திலும் ஏதாவது ஏறட்டுமே. பரிசோதிக்காமல் விட்டால் இன்னும் நன்றாக ஏறுமே.

இப்படியும் ஒரு அக்கா.

ஏப்ரல் 6, ஞாயிறு

கத்தரிக்கோல் தேடப்போய்க் கண்டுபிடித்தேன். பாப்பா வீட்டு அடுக்களை, இரண்டாவது இழுப்பறை. ஞாயிறு மாத்திரை அட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, பிரிக்கவே இல்லை. பக்கத்தில் வேறொரு அட்டை, முக்கால்வாசி காலி. ஸ்டீராய்டு. எனக்கும் ஆரம்பத்தில் ஆறு வாரம் கொடுத்ததுதான். ஞாயிறு மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை தாக்குப்பிடிக்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். இவளுக்கு நிறுத்த மனம் வரவில்லை.

பாப்பா பின்னால் வந்து நின்றாள்.

"ஞாயிறு மாத்திரையை ரெண்டே தடவைதான்க்கா போட்டேன். குடலே வெளிய வந்துடுச்சு. இது போட்டா பறக்குறேன். பழைய சீட்டைக் காட்டினா மருந்துக்கடையில குடுத்துடுறாங்க."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. யார்கிட்டயும் சொல்லாத. சத்தியமா?"

சத்தியம் செய்தேன். தங்கை தப்பான வழியில் போகிறாளே என்ற கவலை அப்போது வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. தைரியமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை! அவளும் வாந்தி எடுத்திருக்கிறாள்!

பஸ்ஸில் வரும்போது வேறு மாதிரி எரிய ஆரம்பித்தது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

ஏப்ரல் 8, செவ்வாய்

பழைய ஸ்டீராய்டு அட்டையில் எனக்கும் எட்டு மிச்சம் இருந்தது. நேற்று ஒன்று, இன்று ஒன்று.

விரல் மடங்குகிறது! காலையில் பிளாஸ்க் மூடியை நானே திறந்தேன். கடையில் பதினொரு பிரேம் சரிசெய்தேன், ஒரு ஸ்க்ரூகூடக் கீழே விழவில்லை. பசி என்றால் அப்படிப் பசி. முதலாளி, "என்னம்மா இன்னைக்கு மின்னல் மாதிரி" என்றார். இப்படித்தான் இருக்குமா பாப்பாவின் திங்கட்கிழமைகள்? ஐந்து மாதமாக இதையா அனுபவிக்கிறாள்?

ஏப்ரல் 9, புதன்

மீதி ஆறையும் குப்பையில் போட்டேன். நல்லவள் என்பதால் இல்லை. பயம். போன வருடம் டாக்டரம்மா சொன்னது காதிலேயே இருக்கிறது: இது சொகுசு காட்டும், உள்ளே எலும்பைத் தின்னும்.

மே 17, சனி

சித்தப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குக் குடும்பமே கூடியது. புகைப்படம் எடுக்க வரிசையாக நின்றோம். பாப்பாவின் முகம் மாறியிருக்கிறது. கன்னம் இரண்டும் உப்பி, தாடை எங்கே என்று தேடவேண்டியிருக்கிறது. கையில் நீலம் நீலமாகத் திட்டு. இது அந்த மாத்திரையின் வேலை என்று அந்த வரிசையில் அவளையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது.

சொன்னேன். எல்லார் காதிலும் விழும்படி. "என்ன பாப்பா, கன்னம் பன்னு மாதிரி உப்பியிருக்கு? படத்துல நீ மட்டும் ரெண்டு பேர் இடத்தை எடுத்துக்குவ போலயே!"

சிரித்தார்கள். சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. பாப்பாவும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக. பிறகு பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள்.

நன்றாக இருந்தது எனக்கு. வீடு வந்து சேரும்வரை நன்றாகவே இருந்தது.

மே 20, செவ்வாய்

கடைக்குப் போன் வந்தது.

"அக்கா, அதை நிறுத்திட்டேன். ஞாயித்துக்கிழமையிலேருந்து. மொத்தமா."

"மொத்தமாவா?"

"ஆமா. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்படிக் குளத்துக்குப் போறது? கொஞ்சம் அசதியா இருக்கு. போகப் போகச் சரியாயிடும்ல?"

எனக்குத் தெரியும். திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகத்தான் இறக்கவேண்டும், இல்லாவிட்டால் உடம்பு படுத்துவிடும். ஆறு வாரம் சாப்பிட்ட எனக்கே மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள். அவள் ஆறு மாதம் சாப்பிட்டிருக்கிறாள்.

"நல்லது" என்றேன். வாடிக்கையாளர் வந்துவிட்டார் என்று போனை வைத்தேன்.

வாடிக்கையாளர் யாரும் வரவில்லை.

மே 22, வியாழன்

போன் செய்யலாம். இப்போதே செய்யலாம். செய்தால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே? கேட்கட்டுமே. நாளைக்குச் செய்கிறேன்.

மே 24, சனி

நாளைக்கு நாளைக்குன்னு இருந்தேன். கடவுளே.

பாப்பா குளத்துக்கு வெளியே உடை மாற்றுகிற அறையில் விழுந்திருக்கிறாள். நல்லவேளை, தண்ணீரில் இல்லை. இரண்டு நாளாக வாந்தியாம், சாப்பிடவே இல்லையாம், ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விட்டதாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவசரப் பிரிவில் திரைக்குப் பின்னால் படுத்திருந்தாள். உதடு வெளிறி, கண் பாதி திறந்து. டியூட்டி டாக்டர் அவள் கணவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேற என்ன மாத்திரை எடுக்கிறாங்க?"

"வாரத்துக்கு ஒருதடவை மூட்டுவலி மாத்திரை சார். ஞாயித்துக்கிழமை. அவ்வளவுதான்."

"யோசிச்சுச் சொல்லுங்க. வேற எதுவுமே இல்லையா?"

"எதுவும் இல்ல சார்."

சொன்னால் சத்தியம் போகும், மானமும் போகும். சொல்லாவிட்டால்?

"ஸ்டீராய்டு" என்றேன். "ஆறு மாசமா தினமும். ஆறு நாளைக்கு முன்னாடி ஒரேயடியா நிறுத்திட்டா. ஞாயிறு மாத்திரை போடவே இல்ல."

டாக்டர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டார், ஊசி, சலைன், ஓட்டம். இரண்டு மணி நேரத்தில் அவள் உதட்டில் நிறம் வந்தது.

அவள் கணவர் என்னிடம் வந்தார். அந்த உயராத குரல். "உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"நிறுத்தினதும் தெரியுமா?"

தலையாட்டினேன். அவர் போய் வெளியே நின்றுகொண்டார்.

மே 27, செவ்வாய்

பாப்பா உட்கார்ந்திருந்தாள். தலைவாரி விட்டிருந்தார்கள். சொல்லிவிட்டேன். டாக்டரம்மா வரச்சொன்னது, திடீரென்று நிறுத்தக்கூடாதென்று எனக்குத் தெரிந்திருந்தது, எல்லாம்.

போர்வை ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"அன்னைக்கு என் கன்னத்தைச் சொன்னியே. அது வேணும்னே சொன்னதா?"

"ஆமா."

"ஏன்?"

"பொறாமை."

"என்மேலயா?" அவள் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது. "எதுக்குக்கா? ரெண்டு பேருக்கும் ஒரே கருமாந்திரம்தானே."

"நீ ஜாம் பாட்டில் திறந்த."

சொன்ன பிறகுதான் எவ்வளவு அற்பம் என்று காதில் விழுந்தது. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் பையை எடுத்தேன்.

"நாளைக்கு வராத" என்றாள், சுவரைப் பார்த்தபடி. "நாளன்னைக்கு வா."

மே 29, வியாழன்

போனேன். அவள் கணவர் நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனார். நான் கிளம்பிய பிறகுதான் உள்ளே வந்தார்.

ஜூன் 13, வெள்ளி

டாக்டரம்மாவிடம் என் இரண்டு நாள் ஸ்டீராய்டுத் திருட்டையும் சொன்னேன். "அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் நான் எதுக்குச் சீட்டு எழுதணும்? நீங்களே எழுதிக்கலாமே" என்றார். ஈரல் கணக்கு இறங்கியிருக்கிறது. இனி மாத்திரை இல்லை, அதே மருந்து ஊசியாக, குமட்டல் குறையுமாம். வயிற்று மடிப்பில் நானே போட்டுக்கொள்ளவேண்டும்.

பாப்பாவுக்கு ஸ்டீராய்டைத் துளித்துளியாக இறக்குகிறார்கள். கூடவே ஞாயிறு மாத்திரை, குறைந்த அளவில், முதலிலிருந்து.

ஜூன் 23, திங்கள்

ஊசி போட்ட மறுநாள். டீ குடித்தேன், அது வயிற்றிலேயே இருந்தது. என் வீட்டுக்காரர், "பாத்தியா, யோசிக்காம இருந்தா சரியாயிடும்" என்றார். அவருக்கு இதை விளக்க எனக்குத் தெம்பில்லை.

ஜூலை 14, திங்கள்

பாப்பா போனில் அழுதாள். காலையிலிருந்து நான்கு முறை வாந்தி. நான் கற்றதையெல்லாம் சொன்னேன். வெறும் வயிற்றோடு போடாதே, தண்ணீர் நிறையக் குடி, ஃபோலிக் ஆசிட்டை விடாதே, முடியாவிட்டால் டாக்டரம்மாவிடம் உடனே சொல், நீயாக எதையும் நிறுத்தாதே.

எழுதவேண்டியதை எழுதிவிடுகிறேன். முதல் முறை அவள் ஓங்கரிக்கிற சத்தம் போனில் கேட்டபோது, உள்ளே ஏதோ ஒன்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது. இரண்டாவது முறை கேட்டபோது எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கணவர் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவள் முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு வருடம் யாரும் முடியை ஒதுக்கிப் பிடிக்கவில்லை. அதுவும் எரிந்தது. பாத்திரத்தை வாங்கிக் கழுவினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டு பேருக்கும் இன்று ரத்தப் பரிசோதனை. பாப்பாவின் கணவர்தான் காரில் கூட்டிப்போனார். வழியெல்லாம் பாப்பா பேசினாள், நான் பேசினேன், அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். பத்து வாரமாக இப்படித்தான்.

பாப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். பெஞ்சில் நானும் அவரும் மட்டும். நடுவில் பாப்பாவின் பை.

"அக்கா" என்றார்.

நிமிர்ந்தேன்.

"மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துலயே வாந்தி எடுத்துட்டா, திரும்ப இன்னொண்ணு போடணுமா?"

"வேணாம். நாமளா போடக்கூடாது. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிக் கேக்கணும். அவங்க கிடைக்கலைன்னா எனக்குப் பண்ணுங்க, நான் நேர்ல போய்க் கேட்டுச் சொல்றேன்."

தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"உங்க நம்பர் சொல்லுங்க."

பதினொரு வருடமாக அவரிடம் இருக்கிற நம்பர். எப்போது அழித்தீர்கள் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு எண்ணாக, அவர் விரல் தட்டி முடிக்கும்வரை காத்திருந்து காத்திருந்து சொன்னேன்.